ஓர் ஐரிஷ் டவுன்லாந்தின் நிலக் கதையைத் தோண்டி எடுப்பது எப்படி?

அயர்லாந்தின் கிராமச் சாலைகளில் காரில் போனால், எங்காவது ஓரிடத்தில் ஆளுயரத்துக்கும் மேலான கல் மதில் ஒன்று தொடங்கும். ஒரு மைல், இரண்டு மைல் என்று கூடவே வரும். நடுவே ஒரு பெரிய இரும்புக் கேட். உள்ளே ஒரு மாளிகை. பாழடைந்திருக்கும், அல்லது ஓட்டலாகியிருக்கும். மதிலுக்கு எதிர்ப்பக்கம் கல்வேலி போட்ட சின்னச் சின்ன வயல்கள். இந்த வயல்காரர்கள் அந்த மாளிகைக்காரருக்கு எவ்வளவு கட்டினார்கள்? நேராக அவரிடமே கட்டினார்களா? கட்டுவதை எப்போது நிறுத்தினார்கள்? இந்த மூன்று கேள்விக்கும் டவுன்லாந்து எனப்படும் ஒரு சிறு நிலப்பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டு விடை தேட முடியும். பாதிக்கு மேற்பட்ட வேலையை வீட்டில் உட்கார்ந்தே இணையத்தில், காசில்லாமல் செய்துவிடலாம்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் வையுங்கள். இந்த வேலையில் நீங்கள் கையில் எடுக்கும் காகிதங்கள் ஏறக்குறைய எல்லாமே பணம் வசூலிக்க எழுதப்பட்டவை. எனவே எந்த ஆவணத்தைத் திறந்தாலும் முதலில் கேளுங்கள்: இதை வைத்து யார் யாரிடம் காசு வாங்கப் பார்த்தார்கள்? கட்ட வேண்டியவரின் பெயர் இருக்கும். கட்ட எதுவும் இல்லாதவரின் பெயர் இருக்காது. ஊரில் அவர் வாழவே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து தொடங்கலாமே என்று தோன்றும். முடியாது. 1821 முதல் 1851 வரையான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின்போது, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த ஆவணக் காப்பகத்தோடு எரிந்துபோனது. 1861 முதல் 1891 வரையானவற்றை அரசாங்கமே அழித்துவிட்டது. நாடு முழுவதற்கும் முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய கணக்கெடுப்பு 1901-இல் எடுத்ததுதான். 19-ஆம் நூற்றாண்டுக்கு வரிக் காகிதங்களே துணை.

படி 1: டவுன்லாந்தைப் பிடியுங்கள்

டவுன்லாந்து என்றால் டவுனும் இல்லை, கிராமமும் இல்லை. தனிப்பெயரும் எல்லையும் கொண்ட மிகச்சிறிய நிலப்பிரிவு அது. நாட்டில் 61,000-க்கு மேல் உண்டு. சராசரி பரப்பு 300 ஏக்கருக்குச் சற்று மேல், ஆனால் மலைப்பக்கம் ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒன்றும் ஆற்றோரம் சில ஏக்கரில் ஒன்றும் இருக்கும். பல டவுன்லாந்துகள் சேர்ந்தது ஒரு சிவில் பாரிஷ், பல பாரிஷ்கள் சேர்ந்தது ஒரு பேரனி, அதற்கு மேல் கவுண்டி. 19-ஆம் நூற்றாண்டு ஆவணங்கள் இந்த அடுக்கில்தான் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே உங்கள் டவுன்லாந்து எந்தப் பாரிஷ், எந்தப் பேரனி என்பதைக் கண்டுபிடித்துத் தாளில் எழுதி எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். கத்தோலிக்க தேவாலயத்தின் பாரிஷும் சிவில் பாரிஷும் ஒன்றல்ல. பலர் தடுக்கி விழும் இடம் இது.

ஒரே பெயர் பல கவுண்டிகளில் வரும். எழுத்தும் நூற்றாண்டுக்கு ஒரு விதமாக மாறும். ஐரிஷ் மொழிப் பெயரை ஆங்கில எழுத்தில் காதில் விழுந்தபடி எழுதியதால் வந்த வினை. லோகான்ம் என்ற அரசு இடப்பெயர்த் தளத்தில் ஐரிஷ் மூலமும் பழைய வடிவங்களும் கிடைக்கும். பாலி என்று தொடங்கினால் ஊர் அல்லது குடியிருப்பு, கில் என்றால் பெரும்பாலும் தேவாலயம், டெர்ரி என்றால் ஓக் மரத்தோப்பு.

படி 2: கிரிஃபித் மதிப்பீட்டை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மொத்த வேலைக்கும் அச்சாணி இதுதான், கொஞ்சம் நேரம் செலவழித்தால் தவறில்லை. ரிச்சர்ட் கிரிஃபித் என்பவர் தலைமையில் நாடு முழுக்க ஒவ்வொரு நிலத்தையும் கட்டிடத்தையும் மதிப்பிட்டு, 1847 முதல் 1864 வரை கவுண்டி கவுண்டியாக அச்சிட்டார்கள். நோக்கம், ஏழைகள் நிவாரணத்துக்கும் உள்ளூர்ச் செலவுக்கும் வரி போடுவது. ஆஸ்க் அபவுட் அயர்லாந்து தளத்தில் வரைபடத்தோடு இலவசமாகக் கிடைக்கும்.

ஒரு வரி எப்படி இருக்கும் என்று பார்ப்போம். பெயர்களும் எண்களும் நானே இட்டுக்கட்டியவை. வரைபட எண் 4. அதன் கீழ் சிறிய எழுத்தில் ஏ. குடியிருப்பவர் பேட்ரிக் கெல்லி. அடுத்த பத்தியில், நேரடியாகக் குத்தகைக்கு விட்டவர் ஜான் பிரவுன். விவரம்: வீடு, ஆபீஸ், நிலம். பரப்பு 11 ஏக்கர், 2 ரூட், 15 பெர்ச். நிலத்தின் மதிப்பு 4 பவுண்ட் 10 ஷில்லிங், கட்டிடத்தின் மதிப்பு 5 ஷில்லிங், மொத்தம் 4 பவுண்ட் 15 ஷில்லிங். அதற்கடுத்த வரியில் எண் 4, சிறிய எழுத்தில் பி. குடியிருப்பவர் மேரி டஃபி, விதவை. விட்டவர் பேட்ரிக் கெல்லி. விவரம்: வீடு மட்டும். மதிப்பு 5 ஷில்லிங்.

நாற்பது பெர்ச் ஒரு ரூட், நான்கு ரூட் ஓர் ஏக்கர். பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்ட். இது கணக்கு. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. முதலில் அந்த ஆபீஸ். கெல்லி மேசை போட்டு உட்கார்ந்து கணக்கு எழுதவில்லை. அது மாட்டுக்கொட்டில், பன்றிக்கொட்டில், களஞ்சியம் மாதிரி ஒரு துணைக்கட்டிடம். அடுத்தது அந்த இரண்டாவது வரி. பதினொன்றரை ஏக்கர் குத்தகை வைத்திருக்கும் கெல்லியே ஒரு விதவைக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். நிலப்பிரபு, குத்தகைதாரர் என்று இரண்டே கட்சியாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அந்த ஒரு வரியில் உடைந்துவிடும். பிரவுனும் முதலாளியாக இருக்க வேண்டியதில்லை. மேலே ஒரு பிரபுவிடம் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்துத் துண்டு துண்டாக உள்குத்தகை விட்ட இடைத்தரகராகவும் இருக்கலாம். பத்தித் தலைப்பே உடமையாளர் என்று சொல்லாமல் நேரடியாக விட்டவர் என்றுதான் சொல்கிறது. விட்டவர் இருக்க வேண்டிய பத்தியில் 'இன் ஃபீ' என்று இருந்தால் மட்டுமே குடியிருப்பவரே உடமையாளர்.

ஒரே எண்ணின் கீழ் நாலைந்து பெயர்கள் அடைப்புக்குறியால் இணைக்கப்பட்டிருந்தால் கூர்ந்து பாருங்கள். அது ரண்டேல் முறையின் எச்சமாக இருக்கக்கூடும். பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் எல்லாருக்கும் வருமாறு கீற்றுக் கீற்றாகப் பிரித்துக்கொள்ளும் முறை அது. டொனகலில் குவீடோர் பகுதியை 1838 முதல் வாங்கத் தொடங்கிய லார்ட் ஜார்ஜ் ஹில் இதை ஒழித்துக்கட்டியவர்களில் ஒருவர். மூன்று பேருக்குப் பொதுவாக ஒரு குதிரை இருந்ததாம். ஆளுக்கொரு காலுக்கு லாடம் அடித்தார்களாம், நாலாவது கால் யாருடையதும் இல்லை என்று அப்படியே விட்டதில் குதிரை பயனற்றுப் போனதாம். இப்படி அவர் எழுதி வைத்திருக்கிறார். ரசமான கதைதான். ஆனால் சொல்பவர் அந்த முறையை ஒழித்தவர் என்பதையும் சேர்த்தே வாசியுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கிரிஃபித் மதிப்பு வேறு, குத்தகைத் தொகை வேறு. உண்மையான குத்தகை பெரும்பாலும் அதைவிட அதிகம். 1880-இல் பல ஊர்களில் 'கிரிஃபித் மதிப்பளவுக்குத்தான் கட்டுவோம்' என்பதே போராட்ட முழக்கமாக இருந்தது.

படி 3: வரைபடம்

ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவைத் துறை, ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் முழு அயர்லாந்தையும் 1846-க்குள், அதாவது 1845-இல் தொடங்கிய பெரும்பஞ்சம் முற்றுவதற்கு முன்பே, வரைந்து முடித்துவிட்டது. இதையும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய இருபத்தைந்து அங்குல வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலாவதில் எறும்புக்கூட்டம் போலக் குவிந்திருக்கும் வீடுகள் இரண்டாவதில் இல்லாமல் போயிருக்கலாம். கோணல்மாணலான வேலிகள் இருந்த இடத்தில் ஏணிப்படி போல நேரான நீள வயல்கள் வந்திருக்கலாம். அப்படியானால் ஒரு நிலப்பிரபுவோ பிற்காலத்தில் ஓர் அரசு வாரியமோ நிலத்தைப் புதிதாகக் கூறுபோட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். எந்த ஆண்டு, யார் என்பதை வேறு ஆவணம்தான் சொல்லும்.

படி 4: பின்னோக்கிப் போங்கள்

1823-க்கும் 1837-க்கும் இடையில் தயாரான டைத் புத்தகங்கள் அடுத்த படிக்கட்டு. டைத் என்பது ஆங்கிலிக்க திருச்சபையின் குருமாருக்கு விவசாயிகள் கட்டிய வரி. கட்டியவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். ஆத்திரம் 1830-களில் மோதலாக வெடித்து, 1838-இல் சட்டம் மாறி அந்தச் சுமை நிலப்பிரபுக்களின் தலையில் நிலக்கட்டணமாக ஏற்றப்பட்டது. புத்தகத்தில் பெயர், பரப்பு, தொகை இருக்கும். நிலமில்லாக் கூலிக்காரர் இருக்க மாட்டார். தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம்.

இங்கே நான் விழுந்த குழியைச் சொல்லிவிடுகிறேன். டைத் புத்தகத்தில் 10 ஏக்கர் வைத்திருந்த குடும்பம் கிரிஃபித்தில் 16 ஏக்கர் வைத்திருந்தது. பஞ்சத்தில் பக்கத்து வயலை வளைத்துப் போட்டுவிட்டார்கள் என்று ஒரு வாரம் கதை கட்டிக்கொண்டிருந்தேன். டைத் புத்தகங்கள் பலவற்றில் இருப்பது ஐரிஷ் ஏக்கர். ஓர் ஐரிஷ் ஏக்கர் 1.62 சட்ட ஏக்கருக்குச் சமம். பத்தைப் பெருக்கினால் 16.2. அந்தக் குடும்பம் ஓர் அடிகூட நகரவில்லை.

இன்னும் பின்னால் போக வேண்டுமானால் டப்ளின் ஹென்ரியெட்டா தெருவிலுள்ள பத்திரப் பதிவகம் இருக்கிறது. 1708 முதல் இயங்குகிறது. அங்கே இருப்பது பத்திரத்தின் சுருக்கம். பதிவு கட்டாயமாக இல்லாததால் சிறு குத்தகைகள் பெரும்பாலும் கிடைக்காது. தேடும்போது மூன்று உயிர்க் குத்தகை என்ற ஒன்று கண்ணில் படும். பெயர் குறிப்பிட்ட மூன்று பேரில் கடைசி ஆள் சாகும்வரை குத்தகை செல்லும். அதனால் குத்தகைதாரர் தன் சின்னப் பிள்ளைகளின் பெயரைக் கொடுப்பார். சிலர் அரச குடும்பத்துக் குழந்தையின் பெயரையே கொடுத்தார்கள். பிள்ளைகளின் பெயரும் வயதும் வருவதால் குடும்ப வரலாறு தேடுபவருக்கு இது புதையல்.

கத்தோலிக்கர்களுக்கு நீண்டகாலம் இந்த வசதி இல்லை. 1704-இல் வந்த சட்டம் அவர்களின் குத்தகையை 31 ஆண்டுக்கு மேல் போகவிடவில்லை, 1778-இல்தான் தளர்ந்தது. 1793-இல் நாற்பது ஷில்லிங் மதிப்புள்ள உயிர்க் குத்தகை வைத்திருந்த கத்தோலிக்கருக்கு வாக்குரிமை கிடைத்ததும், தங்கள் சொல்படி வாக்களிப்பார்கள் என்று நம்பி நிலப்பிரபுக்கள் தாராளமாக உயிர்க் குத்தகை எழுதிக் கொடுத்தார்கள். 1828-இல் கிளேர் இடைத்தேர்தலில் அதே குத்தகைதாரர்கள் பிரபுக்களின் பேச்சை மீறி, கத்தோலிக்கத் தலைவர் டேனியல் ஓ'கானலுக்கு வாக்களித்துவிட்டார்கள். மறு ஆண்டே வாக்குரிமை வரம்பு 10 பவுண்டாக உயர்ந்தது. உங்கள் டவுன்லாந்தில் 1793-க்குப் பிறகு குத்தகைகள் பெருகியிருந்தால், பிரபுவின் கருணை என்று எழுதிவிடாதீர்கள்.

படி 5: எஸ்டேட் காகிதங்கள்

பிரபு யார் என்று உறுதியானதும் அவருடைய எஸ்டேட் ஆவணங்கள் எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள். டப்ளின் தேசிய நூலகத்தில் பெருந்தொகுப்பு உண்டு. வடக்கின் ஆறு கவுண்டிகளுக்கு, அதாவது இன்றைய வட அயர்லாந்துக்கு, பெல்ஃபாஸ்ட் பொது ஆவண அலுவலகம். கால்வே பல்கலைக்கழகத்தின் நிலவுடைமை எஸ்டேட் தரவுத்தளம், குறிப்பாகக் கன்னாட், மன்ஸ்டர் மாகாணங்களுக்கு, எந்தக் குடும்பத்தின் காகிதம் எங்கே என்று வழி காட்டும். சில எஸ்டேட்டுகளின் காகிதம் ஒன்றும் மிஞ்சவில்லை.

கிடைத்தால் முதலில் ரென்டல் எனப்படும் குத்தகைப் பேரேட்டைக் கேளுங்கள். பெயர், அரையாண்டுக் குத்தகை, பழைய பாக்கி, வசூலானது, மீதி என்று பத்திகள் ஓடும். கடைசியில் குறிப்பு என்று ஒரு பத்தி. ஏஜெண்ட் தன் வாயாலேயே பேசும் இடம் அதுதான், அதைத் தவறவிடாதீர்கள். பிரபு லண்டனிலோ டப்ளினிலோ இருப்பார். ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த முகம் அவருக்காக எஸ்டேட்டை நடத்தும் ஏஜெண்ட், அவருக்குக் கீழே பெய்லிஃப் என்ற உதவியாள்.

குத்தகை கட்டும் நாளைக் கேல் டே என்பார்கள். பல எஸ்டேட்டுகளில் மே 1, நவம்பர் 1. பேரேட்டில் எல்லார் பெயருக்கு நேராகவும் அரையாண்டு பாக்கி இருந்தால் பதறாதீர்கள். ஹேங்கிங் கேல் என்று ஒரு வழக்கம்: புதிதாக நிலம் எடுத்தவர் முதல் அரையாண்டுத் தொகையைத் தள்ளிக் கட்ட அனுமதி. சலுகை போலத் தெரியும். ஆனால் குத்தகைதாரர் காலமெல்லாம் கணக்கில் கடன்காரராகவே இருப்பார். ஏஜெண்டுக்குக் கோபம் வந்த அன்று அந்தப் பாக்கியே கயிறாகும்.

படி 6: பஞ்ச ஆண்டுகளைத் தனியாக எடுங்கள்

1845-இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவு பேர் நாட்டை விட்டுப் போனார்கள். டவுன்லாந்து அளவில் புரிந்துகொள்ள இரண்டு விதிகளை அறிந்திருக்க வேண்டும். 1843 முதல், 4 பவுண்டுக்குக் குறைந்த மதிப்புள்ள நிலத்துக்கான ஏழை வரியைக் குத்தகைதாரருக்குப் பதில் நிலப்பிரபு கட்ட வேண்டும். சின்னக் குத்தகைதாரர் எவ்வளவு அதிகமோ பிரபுவுக்கு அவ்வளவு வரி. அவர்களைக் காலி செய்ய இதைவிடத் தூண்டுதல் வேண்டுமா? 1847-இல் வந்த கிரகரி விதி, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு அரசு நிவாரணம் கிடையாது என்றது. கஞ்சி வேண்டுமானால் நிலத்தை விடு. அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்த வில்லியம் கிரகரி கால்வேயில் கூல் பார்க் எஸ்டேட் குடும்பத்தவர். பின்னால் 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநர். நுவரெலியாவில் படகு விடும் கிரகரி ஏரி அவர் பெயரில்தான் இருக்கிறது.

இவை நடைமுறையில் எப்படி இருந்தன என்று பார்க்க ராஸ்காமன் கவுண்டியின் ஸ்ட்ரோக்ஸ்டவுன் எஸ்டேட் போல வேறு இடம் இல்லை. அதன் உடமையாளர் மேஜர் டெனிஸ் மஹோன் 1847 மே மாதம் 1,490 பேரைக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். அவர்கள் ராயல் கால்வாய்க் கரையோரமாக டப்ளின் வரை நடந்தார்கள். அந்தப் பாதையில் இன்று 165 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. அவர்களில் பலரை ஏற்றிய விர்ஜினியஸ் கப்பலில் இருந்த 476 பேரில் 158 பேர் கடலிலேயே இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 2 அன்று மஹோன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1979-இல் மாளிகை கைமாறியபோது எஸ்டேட் காகிதங்கள் உள்ளேயே இருந்தன, குத்தகைதாரர்கள் எழுதிய மனுக்கள் உட்பட. அதன் மேல்தான் அங்கே தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் எழும்பியது.

பஞ்சம் பிரபுக்களில் பலரையும் திவாலாக்கியது. கடனில் மூழ்கிய எஸ்டேட்டுகளை விற்க 1849-இல் ஒரு தனி நீதிமன்றமே அமைத்தார்கள். வாங்க வருபவருக்காக அச்சிட்ட விற்பனைப் பட்டியல்களில் வரைபடம், குத்தகைதாரர் பெயர், தொகை, குத்தகையின் கால அளவு எல்லாம் இருக்கும். உங்கள் டவுன்லாந்து 1850-களில் விற்பனைக்கு வந்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அங்கே இருந்தவர்களுக்கு அப்படி இருந்திருக்காது. புது முதலாளி என்ன செய்வார் என்பதற்கு டொனகல் டெர்ரிவே ஓர் உதாரணம்: நிலம் வாங்கி வந்த ஜான் ஜார்ஜ் அடேர், தன் மேலாளர் கொலையான பின், 1861 ஏப்ரலில் 47 குடும்பங்களை, 244 பேரை, வெளியே தள்ளினார்.

படி 7: 1879-க்குப் பிறகு செய்தித்தாளைத் திறங்கள்

மேயோ கவுண்டி ஐரிஷ்டவுனில் 1879 ஏப்ரலில் குத்தகைக் குறைப்பு கேட்டு ஒரு கூட்டம், அக்டோபரில் மைக்கேல் டேவிட், பார்னெல் என்ற தலைவர்கள் முன்னின்ற லேண்ட் லீக் என்ற குத்தகைதாரர் இயக்கம். இங்கிருந்து உள்ளூர்ச் செய்தித்தாள்கள் வாரம் தவறாமல் பெயர் பெயராக எழுதின. 1880-இல் மேயோவில் நிலம் வைத்திருந்த லார்ட் எர்ன் குத்தகையில் 10 சதவீதம் குறைக்க முன்வந்தார். குத்தகைதாரர்கள் 25 கேட்டார்கள். லாஃப் மாஸ்க் ஏரிக்கரையில் இருந்த அவருடைய ஏஜெண்ட் கேப்டன் சார்ல்ஸ் பாய்காட்டுக்கு யாரும் வேலை செய்யவில்லை, பொருள் விற்கவில்லை. வடக்கிலிருந்து 50 பேரைக் கொண்டுவந்து, படை காவலோடு அறுவடை செய்தார்கள். சில நூறு பவுண்ட் பெறுமான பயிருக்குச் செலவு சுமார் 10,000 பவுண்ட். ஏஜெண்டின் குடும்பப் பெயர் புறக்கணிப்பு என்ற பொருளில் அகராதியில் ஏறியது.

1881 நிலச் சட்டத்துக்குப் பிறகு நிலக் கமிஷன் நீதிமன்றம் குத்தகையை 15 ஆண்டுக்கு நிர்ணயித்தது. பழைய தொகை, புதிய தொகை இரண்டும் பட்டியலாக அச்சாயின. உங்கள் பேரேட்டுத் தொகையோடு ஒப்பிட்டால் குறைப்பு எவ்வளவு என்று பைசா சுத்தமாகத் தெரியும்.

படி 8: நிலம் கைமாறிய ஆண்டைக் கண்டுபிடியுங்கள்

கிரிஃபித் மதிப்பீட்டை அதிகாரிகள் தொடர்ந்து திருத்தி வந்தார்கள். குடியிருப்பவர் மாறினால் பழைய பெயரை அடித்துப் புதியதை எழுதுவார்கள்; ஆண்டை ஓரத்தில் குறிப்பார்கள்; ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு நிற மை. இந்த ரத்துப் புத்தகங்கள் தெற்குக்கு டப்ளின் மதிப்பீட்டு அலுவலகத்தில் இருந்தன. அது இப்போது தால்ட்யா ஏரன் என்ற அரசு அமைப்பின் பகுதி. வடக்குக்கு பெல்ஃபாஸ்ட் அலுவலகத் தளத்தில் 1864 முதல் 1933 வரை இணையத்திலேயே பார்க்கலாம். அடித்த பெயர்களை மை நிறம் வாரியாகப் பிரித்து அட்டவணை போடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு வயல் அப்பாவிடமிருந்து மகனுக்கும், விதவைக்கும், பிறகு முன்பின் தெரியாத ஒரு குடும்பப் பெயருக்கும் போவது இங்கேதான் தெரியும்.

எல்.ஏ.பி. என்ற முத்திரை தென்பட்டால் நிறுத்துங்கள். நிலச் சட்டத்தின் கீழ் வாங்கியது என்று பொருள். விட்டவர் பத்தியில் பிரபுவின் பெயர் அடிபட்டு 'இன் ஃபீ' வந்திருக்கும். பெரும்பாலும் இது 1903 வின்தம் சட்டத்துக்குப் பின் நடந்திருக்கும். குத்தகைதாரர் நிலத்தை வாங்க அரசு கடனாகப் பணம் கொடுத்து, பிரபுவுக்கு விலைக்கு மேல் 12 சதவீதம் ஊக்கத்தொகையும் கொடுத்தது. குத்தகைதாரர் ஆண்டுக்கு 3.25 சதவீதமாக அறுபத்தெட்டரை ஆண்டுகள் தவணை கட்ட வேண்டும். பேரன் காலத்துத் தவணை.

இதோடு 1901, 1911 கணக்கெடுப்பையும் வையுங்கள். எல்லாரும் பெயர், வயது இருக்கும் ஏ படிவத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். பி-1 படிவத்தையும் திறங்கள். சுவர், கூரை, அறைகள், முன்பக்க ஜன்னல்கள் எண்ணி வீட்டுக்குத் தரம் போட்டிருப்பார்கள். கடைசிப் பத்தியில் அந்த வீடு யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று இருக்கும். கெல்லி, டஃபி போன்ற உறவுகள் ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் நீடித்தனவா என்பது அங்கே தெரிந்துவிடும்.

படி 9: மனிதர்களிடம் போங்கள்

போவதற்கு முன் டூகஸ் என்ற நாட்டார் வழக்காற்றுத் தளத்தில் பள்ளித் தொகுப்பைத் தேடுங்கள். 1937 முதல் 1939 வரை சுதந்திர அயர்லாந்தின் தொடக்கப் பள்ளிகள் சுமார் 5,000-த்தில் படித்த பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய கதைகள், சுமார் 7,40,000 பக்கம். காசு கேட்பதற்காக எழுதப்படாத பெரிய ஆவணங்களில் ஒன்று இது. கொடுங்கோல் ஏஜெண்ட், சாபம் கொடுத்த விதவை, புல் முளைக்காத வாசல் என்று ஊருக்கு ஊர் ஒரே கதை திரும்ப வரும். அதனால் ஆண்டுக்கும் தொகைக்கும் இதை நம்பாதீர்கள். யார் மேல் கோபம் மிச்சமிருந்தது என்பதற்கு நம்புங்கள்.

பிறகு ஊருக்குப் போங்கள். மாலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் மேட்டுப் புல்வெளிகளைப் பாருங்கள். யாரும் உழாத சரிவில் பழைய உருளைக்கிழங்குப் பாத்திகளின் வரிவரியான நிழல் எழும். அங்கே ஒரு காலத்தில் ஆள் இருந்தார்.

வீடுகளில் பேசும்போது ஒரு சொல்லை மட்டும் நீங்களாக எடுக்காதீர்கள்: கிராபர். வெளியேற்றப்பட்டவரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு அந்தப் பெயர். ரத்துப் புத்தகத்தில் 1880-களில் முன்பின் தெரியாத பெயர் ஏறிய வயலின் சொந்தக்காரர் உங்களுக்கு இப்போது தேநீர் ஊற்றிக் கொடுப்பவராகவே இருக்கலாம். முதல் சந்திப்பில் பழைய ஆறங்குல வரைபடத்தின் நகலை மட்டும் மேசையில் விரியுங்கள். பெயர்ப் பட்டியல் பையிலேயே இருக்கட்டும். விரலை வைத்து இது எங்கள் வயல், அது அவர்கள் வயல் என்று அவர்களே காட்டத் தொடங்குவார்கள். எந்த வயலில் விரல் நிற்காமல் தாண்டிப் போகிறது என்று கவனித்துக்கொள்ளுங்கள்.